மடியில் எழுதிய மடல்

(இளம் அறிவியல் விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர்)

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். மனிதரை அறிந்து நடப்பதற்கு உவமையாக இதனை மேடைதோறும் கேட்கிறோம். முதன்முதலில் இது மாட்டைப் பற்றித்தான் சொல்லப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டோம். மாட்டின் மனம் அறிந்து கறக்கத் தெரிந்த நமக்கு, அதன் மடி அறிந்து கறக்கத் தெரியுமா? இந்தக் கேள்வியை நான் பாடநூலிலிருந்து எடுக்கவில்லை. வெள்ளானூரில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்தேன்.

ஆவடிக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரை நண்பர்கள் பலர் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். கல்லூரிக் கட்டடங்களும், மனைப்பிரிவுப் பலகைகளும், நானூறு அடிச் சாலையில் விரையும் லாரிகளுமே கண்ணில் பட்டிருக்கும். அவற்றுக்குப் பின்னால், தெருவுக்கு நான்கைந்து வீடுகளில் இன்னமும் மாடு கட்டியிருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் மனைகளாகிவிட்டது. மாடு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. முன்பு ஏரிக்கரையில் காலாற மேய்ந்து, காய்ந்த மண்ணில் படுத்தெழுந்த மாடு, இன்று நாள் முழுவதும் ஈரமான சிமெண்டுத் தரையில் தன் சாணத்தின் மீதே படுத்து எழுகிறது. நான் சொல்லப்போகும் நோய்க்கு இதைவிட நல்ல விளைநிலம் வேண்டுமா?

எங்கள் வீட்டில் இருப்பது ஜெர்சிக் கலப்பினப் பசு. நிறத்தை வைத்துச் செவலை என்று அழைப்போம். மூன்றாவது ஈற்றில் வேளைக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் கறந்துகொண்டிருந்தது. திடீரென்று பால் அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று குறையத் தொடங்கிற்று. புண்ணாக்கு சரியில்லை என்றார் அப்பா, கடையை மாற்றினோம். கண் பட்டிருக்கும் என்றார் பாட்டி, கற்பூரம் சுற்றினோம். மாடு வழக்கம் போலத் தின்றது, அசைபோட்டது. மடியில் வீக்கம் இல்லை. பால் வெள்ளையாகவே இருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு விடியற்காலை அம்மா கறக்க உட்கார்ந்தபோது, பின்பக்கத்து இடக் காம்பிலிருந்து பால் திரிதிரியாக வந்தது. மடியைத் தொட்டால் சுட்டது. அன்று வரை அம்மாவை ஒரு முறையும் உதைக்காத செவலை உதைத்துவிட்டது.

மருத்துவர் வந்தார். ஐந்து நாள் ஊசி போட்டார். அந்த ஐந்து நாளும், அதன் பின் அவர் சொன்ன நாள் வரையும் கறந்த பாலைக் கீழே ஊற்றினோம். காய்ச்சல் தணிந்தது, ஆனால் அந்தக் கால்பங்கு மடி கல்லாகி வற்றிவிட்டது. “இது நேத்து வந்ததில்லம்மா. ஒரு மாசமா உள்ளேயே இருந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். மூன்று காம்பு மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பசுவின் மேல் வாங்கிய கடனின் தவணை மட்டும் நான்கு காம்புக்கும் சேர்த்தே வந்துகொண்டிருந்தது.

நண்பர்களே! உள்ளேயே இருந்து, எங்களுக்குத் தெரியாமல் போன அந்த ஒரு மாதந்தான் இக்கட்டுரையின் பொருள்.

மடிநோய் இரு வகையில் வரும். பால் திரிந்து, மடி வீங்கி, எல்லாருக்கும் தெரியும்படி வருவது ஒன்று. கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளேயே புகைந்துகொண்டிருப்பது மற்றொன்று. இரண்டாவதே எண்ணிக்கையில் மிகுதி, இழப்பிலும் பெரிது. பால் கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை அது திறந்தே இருக்கும். அப்போது மாடு படுத்தால், தரையிலுள்ள ஈ.கோலை போன்ற நுண்ணுயிர்கள் உள்ளே புகும். வேறு சில, குறிப்பாக ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஒரு மாட்டைக் கறந்த கையைக் கழுவாமல் அடுத்த மாட்டைக் கறக்கும்போது கைவழியே செல்லும். வீடு வீடாகச் சென்று கறந்து கொடுக்கும் கறவைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கை தபால்காரர் பை போல எல்லா வீட்டுச் சரக்கையும் சுமந்து செல்கிறது.

கிருமி புகுந்ததும் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் மடியை நோக்கி ஓடிவருகின்றன. எனவே பாலில் அணுக்களின் எண்ணிக்கை கூடுகிறது. நலமான மடியில் ஒரு மில்லி லிட்டர் பாலில் ஒரு லட்சத்துக்கும் குறைவான அணுக்களே இருக்கும். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் உள்ளே நோய் இருக்கிறது என்று கொள்வது உலக வழக்கம். பாலின் நிறமோ மணமோ இதனைக் காட்டாது. எங்கள் செவலையின் பாலில் அந்த மாதம் எத்தனை லட்சம் இருந்திருக்கும்? எண்ணிப் பார்க்கவே கசப்பாக இருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதையென்று ஒதுக்குவதற்கில்லை. மடிநோயால் நாடு ஆண்டுதோறும் இழப்பது 52.9 கோடி ரூபாய் என்று 1962-இல் கணக்கிட்டனர். 2009-இல் வெளிவந்த மதிப்பீடு ஏழாயிரத்து நூறு கோடியைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேற்பட்டது கண்ணுக்குப் புலப்படாத வகையால் வந்தது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறியது உண்மை. மாடுகளும் மாறின. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியோடு அயல்நாட்டுக் கலப்பினங்கள் ஊர்தோறும் வந்தன. பால் பெருகிற்று, வறுமை குறைந்த வீடுகளும் உண்டு, அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் நாட்டு மாட்டைவிடக் கலப்பினப் பசுவை மடிநோய் எளிதில் பற்றுகிறது. மிகுதியாகக் கறக்கும் மடிக்கு மிகுதியான காவல் வேண்டும் அல்லவா? பாலைப் பெருக்கும் திட்டத்தை வீடுவரை கொண்டுவந்தோம். காவலைக் கொண்டுவர மறந்துவிட்டோம்.

இங்கேதான் அறிவியல் ஒரு புதிய செய்தியோடு வருகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு மில்லி மீட்டர் நீளமுள்ள புழுவிடம் போக வேண்டும்.

1993-இல் விக்டர் ஆம்புரோசும் கேரி ரவ்குனும் அமெரிக்காவில் தனித்தனி ஆய்வுக்கூடங்களில் அந்தப் புழுவின் வளர்ச்சியை ஆராய்ந்தபோது, எந்தப் புரதத்தையும் உருவாக்காத ஒரு மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு, வேறொரு மரபணுவின் வேலையைத் தடுத்து நிறுத்துவதைக் கண்டார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 22 எழுத்துகளே. புழுவின் வேடிக்கை என்று பலரும் ஏழாண்டுக் காலம் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 2000-ஆம் ஆண்டில் இரண்டாவது துண்டு ஒன்று கிடைத்தது. அது புழுவில் மட்டுமன்றி ஈயிலும் மீனிலும் மனிதனிலும் இருப்பது தெரிந்ததும் உலகம் விழித்துக்கொண்டது. இவற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயரிட்டனர். 2024-இல் அவ்விருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. புழுவுக்குக் கிடைத்த பரிசு என்று என் வகுப்புத் தோழி சொன்னாள்; தவறில்லை.

வணிகவியலும் வரலாறும் படிக்கும் நண்பர்களுக்காக ஓர் உவமை. முதல்வர் அறையில் பூட்டிவைக்கப்பட்ட மூலப் பதிவேடுதான் டி.என்.ஏ. அது வெளியே வராது. அதிலிருந்து படியெடுத்து வகுப்புக்கு வரும் சுற்றறிக்கை தூது ஆர்.என்.ஏ. சுற்றறிக்கை வந்து சேர்ந்தால் வேலை நடக்கும். அதாவது புரதம் உருவாகும். மைக்ரோ ஆர்.என்.ஏ. சுற்றறிக்கை அன்று, தாழ்வாரத்தில் நிற்கும் அலுவலக உதவியாளர். சுற்றறிக்கையின் அடிப்பகுதியில் உள்ள சில எழுத்துகளைப் படித்துப் பார்ப்பார். தனக்குரிய எழுத்தாக இருந்தால் அதைப் பிடித்து நிறுத்திவிடுவார். சில வேளை கிழித்தும் போட்டுவிடுவார். முதல்வர் கையொப்பமிட்டும் வேலை நடக்காமல் போவது இப்படித்தான். (நம் கல்லூரி அலுவலக அன்பர்கள் என்மீது சினங்கொள்ள வேண்டா!)

புரதம் செய்யாத டி.என்.ஏ. பகுதிகளைக் குப்பை என்றே ஒரு காலத்தில் எழுதினார்கள். மனிதனின் டி.என்.ஏ.யில் புரதத்துக்கான பகுதி நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. எஞ்சியதெல்லாம் குப்பை என்றால் நாம் அனைவரும் நடமாடும் குப்பைமேடுகள் என்றல்லவா ஆகும்? எருக்குழியின் அருமை தெரிந்த உழவர் யாரும் அந்தப் பெயரை இட்டிருக்க மாட்டார்! அந்தக் குப்பையிலிருந்து கிளறி எடுத்தவைதாம் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பாலானவை. பசுவில் இன்றுவரை ஏறத்தாழ ஆயிரம் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பசுவின் முழு மரபுத் தொகுதி 2009-இல் வெளிவந்தது. அதற்கு உயிரணு தந்தது அமெரிக்காவிலிருந்த டாமினெட் என்னும் ஹெர்ஃபோர்ட் இனப் பசு. அது இறைச்சிக்காக வளர்க்கும் இனம். உலகத்துப் பசுக்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் உரைகல் அதுவாயிற்று.

இனி மடிக்குள் வருவோம். கிருமி நுழைந்ததும் மடியின் உட்சுவர் அணுக்கள் அதை அடையாளங் கண்டு அபாயச் சங்கை ஊதுகின்றன. வெள்ளணுக்கள் திரள்கின்றன, அழற்சி தோன்றுகிறது. சங்கு ஓயாமல் ஊதினால் என்ன ஆகும்? கிருமியோடு மடியும் அழியும். எங்கள் செவலையின் மடி கல்லானதில் கிருமியின் பங்கு பாதியென்றால், அதை எதிர்த்த போரின் பங்கு மீதி. எனவே சங்கை ஊதும் அதே ஏற்பாடு, சங்கை அடக்கும் ஒன்றையும் உடன் உருவாக்குகிறது. அதன் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ.-146. அபாயச் செய்தியைக் கடத்தும் இரண்டு புரதங்களின் சுற்றறிக்கைகளை அது பிடித்து நிறுத்துகிறது. 2006-இல் மனித வெள்ளணுக்களில் கண்ட இச்செயலைப் பின்னர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பசுமடி அணுக்களிலும் கண்டார்கள். 155 என்னும் எண்ணுடையது போரைத் தூண்டுவது. 223 என்பது வெள்ளணுக்களோடு கூடவே வருவது. ஒன்று முடுக்கி, ஒன்று தடை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவை மடிக்குள்ளேயே தங்கிவிட்டால் நமக்குப் பயனில்லை. மாட்டை அறுத்தா பார்க்க முடியும்? நல்வாய்ப்பாக இவை பாலில் வெளிவருகின்றன. ஆர்.என்.ஏ. என்பது வெளியே வந்தவுடன் சிதைந்துபோகும் பொருள் என்றே வகுப்பில் படித்தோம். ஆனால் இச்சிறு துண்டுகள் கொழுப்புச் சவ்வாலான நுண்ணிய உறைகளுக்குள் அடைபட்டுப் பாலில் மிதக்கின்றன. உறையில் இட்ட மடல் மழையில் நனையாதது போல, இவையும் சிதையாமல் வருகின்றன. பசும்பாலில் இவை இருப்பது 2010-ஐ ஒட்டி உறுதியாயிற்று. 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஸ்டாஃபிலோகாக்கஸ் செலுத்தப்பட்ட மடியின் பாலில் 142, 223 என்னும் இரண்டும் மாறுவதைக் காட்டி, தொடக்க நிலையிலேயே நோயைக் காட்டும் அடையாளங்களாக இவை ஆகக்கூடும் என்றது. 2017-இல் ஜப்பானில் வெளியான ஆய்வு, நோயுற்ற மடியின் பாலில் 21, 146, 155 உள்ளிட்ட சில கூடியிருப்பதைக் கண்டது. மடி மடல் எழுதுகிறது. எழுதியதைப் பாலில் இட்டு நம் வீட்டுச் சொம்புக்கே அனுப்புகிறது. நாம் அதைக் காய்ச்சிக் காப்பி போட்டுக் குடித்துவிடுகிறோம்.

இம்மடலைப் படிக்கக் கற்றால் என்ன கிடைக்கும்? நோய் இருக்கிறதா என்பது மட்டுமன்று, எந்தக் கிருமியால் வந்தது என்பதும் ஒருநாள் தெரியலாம் என்பதே ஆய்வாளர் நம்பிக்கை. ஈ.கோலையால் வரும் இலேசான நோய் பல நேரம் தானாகவே அடங்கும், ஆன்டிபயாட்டிக் தேவைப்படாது. ஸ்டாஃபிலோகாக்கஸோ அணுவுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். தழும்புக்குள் மருந்து எட்டாது. இன்று இரண்டுக்கும் ஒரே ஊசி. வேறு வழி தெரியாததால் போடுகிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஊசி போட்ட மாட்டின் பாலைக் குறித்த நாள் வரை ஊற்றிவிட எல்லா வீட்டாலும் முடிகிறதா? 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாட்டிக் எச்சம் வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கை சிறிதுதான். எனினும் குழந்தை குடிக்கும் பாலில் அது வேண்டவே வேண்டா. வீட்டில் சில நாள் தயிர் உறையாமல் போனால் உறைமோரைத் திட்டாதீர்கள். பாலில் மருந்து இருந்தாலும் உறையாது.

இவ்வளவும் சொன்னபின் என் ஐயங்களையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் பல, சில பசுக்களை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டவை. ஓர் ஆய்வில் கூடிய எண் மற்றோர் ஆய்வில் கூடவில்லை. கிருமி மாறினால், ஈற்று மாறினால், கறவைக் காலம் முதிர்ந்தால் எல்லாம் மாறுகின்றன. சோதிப்பதற்குப் பி.சி.ஆர். இயந்திரம் வேண்டும், குளிரில் மாதிரியைக் கொண்டுசெல்ல வேண்டும், தேர்ந்த கை வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு வெள்ளானூர்க் கொட்டகையில் இவை எதுவும் இல்லை. கொசுவத்தியும் ஒரு நாற்பது வாட் விளக்கும்தான் இருக்கின்றன.

“அப்படியானால் எதற்கு இந்த ஆராய்ச்சி? மாட்டுக்கு நல்ல தீவனம் கொடுத்தால் போதாதா?” என்று ஒரு சாரார் கேட்பர். “புதிய கருவி வரட்டும், எல்லாம் தானே தீரும்” என்று மறு சாரார் கூறுவர். இருவரோடும் நான் உடன்படவில்லை. முதல் சாராருக்கு என் விடை எளிது: தீவனத்தை மாற்றித்தான் நாங்கள் ஒரு மாதத்தை இழந்தோம். இரண்டாம் சாராருக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலில் அணுக்கள் கூடியிருப்பதை மாட்டின் அருகிலேயே, ஒரே நிமிடத்தில் கண்டறியும் சோதனை 1957-இல் அமெரிக்காவில் வந்துவிட்டது. கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று பெயர். நான்கு குழிகள் கொண்ட வெள்ளைத் தட்டு. ஒவ்வொரு காம்பின் பாலையும் ஒவ்வொரு குழியில் பீய்ச்சி, சம அளவு சோப்புத் தன்மையுள்ள கரைசலை ஊற்றிச் சுழற்ற வேண்டும். சோப்பு, வெள்ளணுக்களின் சவ்வை உடைக்கிறது. உள்ளிருந்து வெளிப்படும் டி.என்.ஏ. ஒன்றோடொன்று பின்னிக் கொழகொழவென்று திரள்கிறது. நலமான பால் தண்ணீராகவே ஓடும். அவ்வளவுதான். அந்தக் கரைசலும் கிடைக்காத ஏழை நாட்டுக்காகப் பாகிஸ்தானின் கால்நடை மருத்துவ அறிஞர்கள் சர்ஃப் தூளைக் கொண்டே இதைச் செய்து காட்டினார்கள். அரை லிட்டர் தண்ணீரில் பதினைந்து கிராம் துணி துவைக்கும் தூள். அதாவது நூற்றுக்கு மூன்று பங்கு. சம அளவு பாலும் கரைசலும். ஒரு நிமிடம் சுழற்ற வேண்டும்.

இந்தச் சோதனையை நான் முதன்முதல் அறிந்தது எங்கே தெரியுமா? எங்கள் ஊரில் அன்று. நம் கல்லூரி நூலகத்தில், மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பற்றிக் கருத்தரங்கு ஒன்றுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அயல்நாட்டு ஆய்வின் நடுவே. “நோயுற்ற பசுக்களைக் கலிபோர்னியா முறையால் தெரிந்தெடுத்தோம்” என்று ஒரு வரி. அது என்ன முறை என்று தேடியபோது தலை சுற்றியது. அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட சோதனை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் தெரியாது. நோபல் பரிசு பெற்ற அறிவு வந்து சேரவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. என் தாயார் பிறப்பதற்கு முன்பே பிறந்த அறிவு வந்து சேரவில்லை என்பதே என் வருத்தம். இது இருக்கும்போது மைக்ரோ ஆர்.என்.ஏ. எந்த வழியாக வந்து எங்கள் கொட்டகையில் நுழையும்?

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். “பாலுல சோப்பு ஊத்தறியா? உனக்கு இன்னாடி ஆச்சு?” என்றார். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் செவலையின் மூன்று காம்புப் பாலையும் சோதித்தோம். மூன்றும் தண்ணீராக ஓடின. அடுத்த வீட்டுப் பெரியம்மா வேடிக்கை பார்க்க வந்தவர், தம் மாட்டுப் பாலையும் கொண்டுவந்தார். அதில் ஒரு கிண்ணம் திரண்டு, முட்டை வெண்கரு போல நூலிழுத்தது. அவர் மாடு அன்று காலையும் குறைவில்லாமல் கறந்த மாடு. மறுநாள் மருத்துவரிடம் காட்டினார்கள். அந்தக் காம்பு இன்றும் கறக்கிறது. ஒரு மாட்டை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நிறுவுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

குற்றம் மாடு வளர்ப்பவரின் அறியாமை மட்டுமா? பால் விலைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கொழுப்புக்கு ஒரு கட்டம், கொழுப்பற்ற திடப்பொருளுக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம். மடிநலத்துக்குக் கட்டமே இல்லை. ஐரோப்பிய நாடுகளில் பாலில் நான்கு லட்சம் அணுக்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. நார்வே 1978 முதல், காளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவற்றின் பெண் கன்றுகளுக்கு மடிநோய் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. நாம் இன்றே அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் ஏழையின் பால் சாக்கடைக்குத்தான் போகும். அதை நான் கேட்கவில்லை. தண்டனைக்கு மாறாகப் பரிசு கொடுக்கலாம். தட்டுச் சோதனையில் நான்கு குழியும் தேறிய மாட்டின் பாலுக்கு லிட்டருக்கு ஒரு சிறு தொகை கூடுதலாகக் கொடுத்தால், சொல்லாமலே ஊரெங்கும் தட்டுகள் வந்துவிடும். காசு காட்டும் வழியை எந்தக் கருத்தரங்கும் காட்டியதில்லை.

ஆராய்ச்சியும் வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் யாருடைய பசுவில்? வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதவரத்தில் 1989 முதல் பல்கலைக்கழகமே இருக்கிறது. எங்கள் ஊருக்கு வடக்கே அலமாதியில் உறைவிந்து நிலையம் இருக்கிறது. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இருக்கிறது. ஒரு பேருந்துச் சீட்டில் சுற்றி வரக்கூடிய தொலைவில் அறிஞரும் காளையும் பாலும் இருக்க, இடையில் மாடு வைத்திருக்கும் நாங்களும் இருக்கிறோம். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 95 லட்சம் மாடுகள். காங்கேயத்தின் மடியும் ஜெர்சிக் கலப்பினத்தின் மடியும் ஒரே கிருமிக்கு ஒரே மடலைத்தான் எழுதுகின்றனவா? எழுதவில்லையென்றால், நாட்டு மாட்டைக் காப்பது எந்தத் தடை, எந்த முடுக்கி? டாமினெட்டிடம் இதற்கு விடை கிடைக்காது. நம் மாட்டிடம் நம்மவர் கேட்டால்தான் கிடைக்கும். அதைக் கேட்பவர் முடிவில் ஒரு கருவியையும் செய்ய வேண்டும்: நாற்பது வாட் விளக்கு வெளிச்சத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கண்ணுக்கும் நிறம் மாறுவது தெரிகிற ஒரு தாள். அதற்குக் குறைந்த எதையும் நான் வெற்றி என்று ஏற்க மாட்டேன்.

அது வரும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கறந்தவுடன் தீவனம் வைத்தால் மாடு நின்றுகொண்டே தின்னும்; அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. கட்டைவிரலை மடக்கிக் காம்பை நசுக்கிக் கறப்பதை விட்டு முழுக் கையால் கறக்கலாம். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கலாம். மடி இலேசாகச் சூடு காட்டினால், நம் கால்நடைப் பல்கலைக்கழக அறிஞர்கள் பரப்பிவரும் பூச்சு ஒன்று உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நாளைக்கு எட்டு, பத்து முறை தடவுவது. மருத்துவர் வரும்வரை செய்யலாம். மருத்துவரே வேண்டாம் என்று செய்யக்கூடாது.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் குளம் தூர்வாருகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்ல பணிகளே. நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த முகாம் வரை உயிரோடு இருக்கின்றன என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை முகாமை வெள்ளானூரில் வைத்து, காலைக் கறவை நேரத்தில் இருவர் இருவராகக் கொட்டகைதோறும் சென்றால் என்ன? விலங்கியல் மாணவர் சோதிக்கட்டும். பொருளியல் மாணவர் கணக்கெடுக்கட்டும். தமிழ் மாணவர் முடிவை மாட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்கட்டும். திரண்ட பாலின் முகவரிகளைக் கால்நடை மருந்தகத்தில் சேர்ப்பிப்போம்.

நான்கு குழித் தட்டுகள் ஆறு, எடைபோட்ட சோப்புத் தூள் பொட்டலங்கள், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து வரக்கூடியவர்கள் தங்கள் பெயரை விலங்கியல் துறை அறையில் உள்ள தாளில் எழுதலாம். இதுவரை ஏழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. எட்டாவதாகத் தம் பெயரையும் எழுதிக்கொள்ளும்படி பெரியம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.